வயரிங்: உதயராகவன்

யசோகாந்தனின் தனி அல்பத்துக்குப் பெயர்
'எர்த் இல்லாத வீடு'.
கல்லடியில், ஐஸ் கொம்பனிக்குப் பின்னால்
அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு
உண்மையிலேயே எர்த் இல்லை.
சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் எழுப்பியது.
செப்புக் கம்பியை யாரோ விற்றுத் தின்றுவிட்டார்கள்.
பிரிட்ஜைத் தொட்டால் விரல் விறைக்கும்.
கிற்றாரைத் தொட்டுக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால்
உதடு சுடும்.

கொழும்பு வார இதழ் எழுதியது:
'நிலம் பறிபோன ஒருவனின் நாற்பத்தொரு நிமிடங்கள்.'
மூன்றாவது பாட்டின் அடியில் ஓடும் முனகல்
வாவியில் பாடும் மீன்களாம்.
மீன் இல்லை ஐயா.
ஐம்பது ஹேர்ட்ஸ்.
மாதம் முடிய பில் வரும்.

சென்னையிலிருந்து ஒருவர்
ஐந்தாவது பாட்டில் ஷெல் விழக் கேட்டிருக்கிறார்.
விடிய நாலு மணிக்கு
லொறிக்குள் ஐஸ் கட்டி போடுகிற சத்தம் அது.
தொண்ணூறில் யசோவும் நானும் ஒரே பங்கருக்குள் இருந்தோம்.
முழு நேரமும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.
ஷெல்லின் சத்தம் அவனுக்குத் தெரியாது.

ஊரில் வந்த ஒரே விமர்சனம்
அரசடிச் சந்தி சலூனில்:
'பாட்டு நல்லந்தான் மனே.
மறுகா அந்த ஸ்பீக்கரை ஒருக்காத் திருத்து.'

என் கடை அந்தச் சலூனுக்கு அடுத்தது.
பல்ப், பிளக், சீலிங் ஃபேன்.
முன்பு நாங்கள் மூன்று பேர், 'நாலாம் கட்டை' என்று ஒரு பேண்ட்.
பேஸ் வாசித்த அஸ்மீர் கட்டாரில் ஏசி திருத்துகிறான்.
என் டிரம்ஸ் செட்டின் மேல் வயர் ரோல்கள்.

ஐம்பது ஹேர்ட்ஸ், தெரியுமா,
எந்தச் சுரத்திலும் சரியாக உட்காராது.
இரண்டு கட்டைக்கு நடுவில் கிடந்து அரையும்.
இரைச்சலை நிறுத்த முடியாமல்
ஆறு கம்பியையும் அதற்கே சுருதி சேர்த்தான் யசோ.
அதனால் வேறு எந்த வாத்தியமும் அவனோடு ஒட்டவில்லை.
'தனிமைக்கென்றே கண்டுபிடித்த சுருதி' என்றது ஒரு பத்திரிகை.
டிரம்ஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லையே.
என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

ஏழாவது பாட்டில்,
இரண்டு நிமிடம் பதினொரு செக்கனில்,
ஒருவன் கத்துகிறான்: 'மெயினை நிப்பாட்டு, டேய்!'
அது நான். ட்ரிப் சுவிட்ச் பார்க்கப் போன அன்று
அவன் ரெக்கோட் பண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.
டொரொண்டோக்காரர் உருகியிருந்தார்:
'அதிகாரத்தை நோக்கி முகமற்ற ஓர் அலறல்.'
ஐந்துக்கு நாலரை நட்சத்திரம்.
அந்த அரை என்னுடையது.

அல்பத்தின் உறையில், கடைசி வரியில்,
எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறான்:
வயரிங்: உதயராகவன்.
அதுவும் பிழை.
நான் வயரிங் செய்திருந்தால்
இந்த அல்பமே இல்லை.

போன வியாழன் அவனே கோல் எடுத்தான்.
'அடுத்ததைச் சுத்தமாகச் செய்யக் காசு தருகிறார்கள். வந்து எர்த் அடி.'
நாலடிச் செப்புக் கம்பி, சுத்தியல்.
குசினிக்குப் பின்னால் மணல், மூன்றடியில் ஈரம்.
எர்த்துக்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது.
கம்பியை அடித்து இறக்கி கிளிப்பைப் பூட்டினேன்.

இரைச்சல் நின்றது.
கிற்றாரை ஒருதரம் மீட்டினான். மறுபடி மீட்டினான்.
சுவரைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தான்.
பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் திருவுவது கேட்டது.
'கழட்டிரு உதயா' என்றான்.

கிளிப்பை மட்டும் கழற்றினேன்.
கம்பி மண்ணுக்குள்தான் நிற்கிறது.

சாமானை எடுத்துக்கொண்டு கிறுகும்போதுதான் கண்டேன்,
ஜன்னலில் மைக்.
முற்றத்தைப் பார்த்தபடி.
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முப்பத்திரண்டு அடி அடித்திருப்பேன் அந்தக் கம்பிக்கு.
பழக்க தோஷம்,
நாலுக்கு நாலு.
கடைசி இரண்டு மட்டும் கொஞ்சம் முந்திவிட்டது,
களைப்பு.
அதற்கு என்ன எழுதுவார்களோ.